கேம் ஆட விடாத பெருமை எனக்கு வேண்டாம்



நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு லைக் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். விடைத்தாள் திருத்திய கண் இது.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்கும் பழைய தேசப்படங்களுக்கும் நடுவே தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர். பழுப்பேறிய பெட்டி, கீபோர்டின் மேல் வரிசையில் சிவப்பு நிறக் கீகள். பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். நம்முடைய பி.பி.சி. மைக்ரோ. பழைய இரும்புக்குப் போடப் போகிறார்களாம்.

அதன் கீழே கமெண்ட் மழை. "சார் இதைத் தொடவே விடமாட்டார்", "கேம் ஆடப் போய் ஸ்கேலால் அடி வாங்கினேன்" என்று ஆளாளுக்கு எழுதியிருந்தீர்கள். அவற்றில் அதிக லைக் வாங்கியது இது: "சார் அன்னைக்கு கேம் ஆட விடாததாலதான் நாம உருப்பட்டோம். இன்னைக்குப் பசங்களுக்கு அப்படி ஒரு வாத்தியார் இல்லை."

அன்போடு எழுதியதுதான். எழுதியவர் இன்று பெரிய கம்பெனியில் நல்ல பதவியில் இருக்கிறார். ஆனாலும் அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொள்ள முடியாது. நான் கேம் ஆட விடாததால் நீங்கள் உருப்படவில்லை. நான் தடுத்தும் உருப்பட்டீர்கள். நான் செய்தது தப்பு. அந்தத் தப்பையே இன்று உங்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறீர்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியைப் பார்த்திராத இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

இங்கிலாந்தில் ஏகார்ன் என்ற கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்ட கம்ப்யூட்டர் அது. பி.பி.சி. நிறுவனம் மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க ஒரு திட்டம் போட்டு, தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு சேர்ந்து வர ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும் என்று கேட்டுச் செய்ய வைத்தது. மாடல் பி-யில் 32 கே நினைவகம். காலையில் உங்கள் பெரியப்பா அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படம் அதைவிடப் பெரியது. நம் நாட்டில் 1984-85இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கின. முதலில் 250 பள்ளிகள். எல்லாவற்றுக்கும் இந்த பி.பி.சி. மைக்ரோதான். திட்டம் விரிந்தபோது நம் பள்ளிக்கு இரண்டு பெட்டிகள் வந்தன.

பட்டதாரி ஆசிரியர்கள் யாரும் கோடை விடுமுறையைக் கெடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகத் தயாராக இல்லை. செகண்டரி கிரேடு வாத்தியார், கல்யாணம் ஆகாதவன், சின்னப் பையன் என்று என்னை அனுப்பினார்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் வைத்திருந்த நான் கம்ப்யூட்டர் வாத்தியார் ஆனது இப்படித்தான்.

அந்தப் பெட்டியில் ஒரு கேமைத் தொடங்குவது எப்படி என்று சொல்கிறேன். என் வாதம் முழுக்க இதில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஸ்விட்சைப் போட்டதும் 'பூ... பீப்' என்று இரண்டு சத்தம் வரும். கறுப்புத் திரையில் கம்ப்யூட்டரின் பெயர், 32 கே, பேசிக் என்று சில வரிகள். அதற்குக் கீழே ஓர் அம்புமுனை, பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. அவ்வளவுதான். தொடுவதற்குப் படம் கிடையாது. "என்ன வேண்டும், சொல்" என்று அது காத்திருக்கும்.

எங்களிடம் டிஸ்க் டிரைவ் இல்லை. சாதாரண கேசட் டேப்ரெக்கார்டர்தான். ஸ்டார் போட்டு 'டேப்' என்று அடிக்க வேண்டும். அடுத்த வரியில் 'செயின்' என்று அடித்து, திறந்து மூடிய வெறும் மேற்கோள் குறி. ரிட்டர்ன் கீ. பிறகு டேப்ரெக்கார்டரில் பிளே பட்டன். திரையில் 'தேடுகிறேன்' என்று ஆங்கிலத்தில் வரும். கேசட்டின் சத்தம் கூடினாலும் குறைந்தாலும் 'டேட்டா?' என்று கேள்வி கேட்டு நின்றுவிடும். ரிவைண்டு செய்து, சத்தத்தைக் கொஞ்சம் திருகி, மறுபடியும் ஓடவிட வேண்டும்.

கட்டளைகளைப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் சின்ன எழுத்தில் அடித்தால் 'மிஸ்டேக்' என்று ஒரே ஒரு சொல் வரும். திட்டாது, மார்க் குறைக்காது, பக்கத்துப் பையனிடம் சொல்லாது. தவறு என்று சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருக்கும். என்னைவிட நல்ல வாத்தியார்.

அடுத்து, எந்தக் கீ எதற்கு? அந்த கீபோர்டில் அம்புக்குறிக் கீகள் நான்கும் வலது மேல் மூலையில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேகமாக ஆட அவை உதவாது. அதனால் கேம் எழுதியவர்களிடையே ஒரு பழக்கம் வந்தது. இசட் என்றால் இடது, எக்ஸ் என்றால் வலது. முக்காற்புள்ளிக் கீ மேலே, அதற்குக் கீழே இருக்கும் சாய்கோட்டுக் கீ கீழே. சுடுவதற்கு ரிட்டர்ன். இடது கை பக்கவாட்டுக்கு, வலது கை மேலும் கீழும். ஸ்னாப்பர் என்று ஒரு கேம் உண்டு. புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடமிருந்து தப்பி ஓட வேண்டும். அதை ஆடிய யாரையும் இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த நான்கு கீயைச் சொல்வார்கள்.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. பேசிக்கில் எழுதிய கேமாக இருந்தால், ஆடிக்கொண்டிருக்கும்போதே எஸ்கேப் கீயை அழுத்தி 'லிஸ்ட்' என்று அடித்தால் போதும். கேமின் உள்ளே இருக்கும் அத்தனை வரிகளும் கண்ணெதிரே ஓடும். இசட் கீ எங்கே இடது ஆனது என்று பார்க்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கீக்கும் ஓர் எண். இசட் மைனஸ் 98. எக்ஸ் மைனஸ் 67. 'இன்கீ' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் மைனஸ் 98 என்று போட்டால், "இந்த நொடியில் இசட் அழுந்தியிருக்கிறதா?" என்று அர்த்தம். ஆம் என்றால் எக்ஸ்-இன் மதிப்பில் ஒன்றைக் கழி. படம் ஒரு கட்டம் இடப்பக்கம் போகும். கேமில் இடப்பக்கம் போவது என்பது இவ்வளவுதான், ஒரு கழித்தல் கணக்கு.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறை எண் புரியவில்லை, ஆயத்தொலைவு புரியவில்லை என்று கரும்பலகையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவன் நான். பக்கத்து அறையில் அதை விளையாட்டாகவே காட்டும் பெட்டி இருந்தது. அதை நான் பூட்டி வைத்திருந்தேன்.

செருப்பை வெளியே கழற்ற வேண்டும். கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தியிருக்கும். நாற்பது பேர் வரிசையாக உட்கார வேண்டும். அருகில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்க, நான் கரும்பலகையில் கம்ப்யூட்டரின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னேன். 'கணினியின் பயன்கள் பத்து' என்று மனப்பாடம் செய்யச் சொன்னேன். மாதத்துக்கு ஒரு முறை ஆளுக்கு மூன்று நிமிடம், தன் பெயரை அடித்துப் பார்க்க அனுமதி. கேம் என்ற பேச்சை எடுத்தால் ஸ்கேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் பழக்கமான வேறு ஊர் ஆசிரியர் ஒருவர் ஸ்னாப்பர் கேசட் கொடுத்திருந்தார். சாயங்காலம் நீங்கள் எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நான் ஆடினேன். பல நாள் ஆடினேன். அந்தக் கம்ப்யூட்டர் எனக்குப் பிடிபட்டதே அப்படித்தான். கேப்ஸ் லாக், டேப், லோடு, லிஸ்ட் எல்லாம் கேம் ஆடப்போய்க் கற்றதுதான். பயிற்சியில் கொடுத்த குறிப்பேட்டைத் திறந்தது அதற்குப் பிறகே. எனக்குக் கதவு திறந்த அதே சாவியை உங்களுக்கு இல்லை என்றேன்.

அன்று நான் சொன்ன காரணங்களை இன்று உங்கள் வீடுகளில் நீங்கள் சொல்லக் கேட்கிறேன். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் காரணம்: "கண்டதை அமுக்கினால் கெட்டுப்போகும்." பொய். எந்தக் கீயை அடித்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் கெடாது. பிரேக் கீயை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதில் அடித்திருந்த புரோகிராம் போய்விட்டதே என்று பயந்தால், 'ஓல்டு' என்று அடித்தால் திரும்பி வரும். தப்பு செய்து பார்க்கட்டும் என்றே செய்த கம்ப்யூட்டர் அது. தப்பு செய்யாதே என்று காவல் காத்தவன் நான்தான்.

இரண்டாவது காரணம்: "விளையாட்டுப் புத்தி வந்துவிடும்." வரட்டுமே. 1984இல் அந்தப் பெட்டிக்கு எலைட் என்று ஒரு கேம் வந்தது. எழுதியவர்கள் இயான் பெல், டேவிட் பிராபன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள். விண்கலத்தில் போய் வியாபாரம் செய்யும் கேம். 8 பால்வெளி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலம். எல்லாம் அந்த 32 கே-க்குள். எப்படி அடைத்தார்கள்? அடைக்கவில்லை. ஒரு கணக்குச் சூத்திரத்தைக் கொடுத்து, வேண்டும்போது மண்டலங்களை உண்டாக்கிக்கொள்ள வைத்தார்கள். அதில் எக்ஸ் அழுத்தினால் மேலே, எஸ் அழுத்தினால் கீழே, ஸ்பேஸ் வேகம் கூட்ட, ஏ சுட. இன்னும் பதினைந்து, இருபது கீ. சுழலும் விண்நிலையத்தின் வாசலுக்குள் நுழைய, நம் கலத்தையும் அதே வேகத்தில் சுழற்ற வேண்டும். முதல் ஐம்பது முறை மோதித்தான் சாவோம். சார்புச் சலனம் என்ற பாடத்தை இதைவிட நன்றாக நடத்திய இயற்பியல் வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

அதே ஏகார்ன் கம்பெனியில்தான் பி.பி.சி. பேசிக்கை எழுதிய சோஃபி வில்சனும், ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து ஆர்ம் என்ற சிப்பை வடிவமைத்தார்கள். முதல் சிப் 1985 ஏப்ரலில் ஓடியது. அது எப்படி இயங்கும் என்பதை வில்சன் முன்னதாகவே பேசிக்கில் எழுதி, பி.பி.சி. மைக்ரோவில் ஓட்டிப் பார்த்திருந்தார். உங்கள் கையில் இருக்கும் போனின் சிப் அந்த ஆர்ம் வம்சம்தான். பாத்திரக்கடையில் எவர்சில்வர் தட்டுக்கு மாற்றப் பார்க்கிறீர்களே அந்தப் பழைய பெட்டி, உங்கள் போனுக்குப் பாட்டி முறை.

மூன்றாவது காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பயம். ஆங்கிலப் பெயர் போட்ட தடித்த கையேடு. பட்டயம் படித்த வாத்தியார். பிள்ளைகளை விட்டால் ஒரே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்த அறையைப் பூட்டியது கம்ப்யூட்டரைக் காப்பாற்ற அல்ல, என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

இப்போது சொல்லப் போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

1987 அல்லது 88. எட்டாம் வகுப்பு. ஒரு பையனுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து வலது கை சூம்பிப் போயிருந்தது. இடது கையால் அழகாக எழுதுவான். அன்று ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று கம்ப்யூட்டர்களைத் துணி நீக்கி வைத்திருந்தோம். பிள்ளைகள் புரோகிராம் அடிப்பதாகக் காட்ட, ஒரு பயிற்சிப் புத்தகத்திலிருந்து சின்ன கேம் ஒன்றை அடிக்க வைத்திருந்தேன். வயலில் எலி ஓடும், பாம்பு துரத்தும். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடிக்கொள்ளுங்கள்" என்று எனக்கே அதிசயமாக ஒரு நல்ல புத்தி வந்தது.

அவன் முறை வந்தது. இசட்டும் எக்ஸும் இடது கையில் சரி. மேலேயும் கீழேயும் போக வலது கை வேண்டுமே. இடது கையையே இங்கும் அங்கும் தாவவிட்டுப் பார்த்தான். ஐந்து நொடியில் பாம்பு பிடித்தது. என்னைப் பார்த்துக் கேட்டான்: "சார், கீயை மாத்த முடியாதா?"

நான் சொன்னேன்: "அது அப்படித்தான்டா. முடியலைன்னா எழுந்திரு, அடுத்தவன் ஆடட்டும்."

எழுந்து போய்விட்டான்.

மறுவாரம் நான் அலுவலக வேலையாகப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அறை திறந்திருக்கிறது. அதே வகுப்புப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால், அந்தப் பையன் பக்கத்தில். அவள் என் மேசையிலிருந்து கையேட்டை எடுத்து, எண் அட்டவணை இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். கேமை லிஸ்ட் செய்து மூன்று வரிகளை மாற்றியிருந்தாள். முக்காற்புள்ளியின் மைனஸ் 73-ஐ எடுத்துவிட்டு க்யூவின் மைனஸ் 17. சாய்கோட்டின் மைனஸ் 105-க்குப் பதில் ஏ கீயின் மைனஸ் 66. ரிட்டர்னின் மைனஸ் 74-க்குப் பதில் ஸ்பேஸ் பாரின் மைனஸ் 99. இசட், எக்ஸ், க்யூ, ஏ, கட்டை விரலுக்கு ஸ்பேஸ். எல்லாம் ஒரே இடது கைக்குள். பையன் ஆடிக்கொண்டிருந்தான். பாம்பு அவனைப் பிடிக்கவே இல்லை.

வாத்தியாராக இருந்தவன் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? தலைமையாசிரியரைக் கூட்டி வந்து காட்டியிருக்க வேண்டும். பிரேயரில் மேடையேற்றியிருக்க வேண்டும். நான் கையேட்டைப் பிடுங்கினேன். அரசாங்கக் கம்ப்யூட்டரில் கை வைத்தாயா என்று கத்தினேன். ஸ்விட்சை அணைத்தேன். கேசட்டில் பதியாத அந்த மூன்று வரியும் அத்தோடு போயிற்று. இரண்டு பேரையும் வருடம் முழுக்க அந்த அறைக்குள் விடவில்லை.

அவள் மாற்றிய எண்களை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, அவள் செய்ததை அப்படியே செய்து பார்த்தேன். வேலை செய்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவளிடமிருந்துதான் கற்றேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2018இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி, கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் ஆடுவதற்கென்றே தனியாக ஒரு கன்ட்ரோலர் வெளியிட்டது. பெரிய பெரிய பொத்தான்கள், தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். உலகமே பாராட்டியது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஊரில் தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பெண் முப்பது வருடத்துக்கு முன்பே அந்த யோசனைக்கு வந்திருந்தாள்.

இதைப் படித்துவிட்டு, "அது அந்தக் காலம் சார், அந்த கேம் வேறு, இந்தக் காலத்து கேம் வேறு" என்பீர்கள். உண்மைதான். அதைத்தான் நானும் பேச வருகிறேன்.

என் அக்கா மகன், மருமகப்பிள்ளை, பெருமையாகச் சொல்கிறார்: "மாமா, பையன் ரெண்டு வயசுலயே போனை எடுத்துத் தானா வீடியோ போட்டுக்குவான். இப்ப பதினொரு வயசு, கேம்ல புலி." மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. விரலால் தள்ளத் தெரிவது கம்ப்யூட்டர் தெரிவது ஆகாது. இரண்டு வயதுக் குழந்தையும் தள்ளும்படி அதைச் செய்து வைத்தவனுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். பேரன் விடுமுறைக்கு வந்தபோது அவன் ஆடும் கேமைப் பார்த்தேன். துப்பாக்கிப் பொத்தான் ஏன் இந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டேன். பொழுதுக்கும் ஏன் பெட்டி திற, காசு போடு என்று கேட்கிறது என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்: "அது அப்படித்தான் தாத்தா."

நான் அந்தப் பையனிடம் சொன்ன அதே வார்த்தை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே என் பேரன் வாயிலிருந்து வருகிறது.

அதனால் "கேம் கெட்டது, தடுத்தால் உருப்படுவான்" என்ற பேச்சும் வேண்டாம், "கேம் ஆடினால் மூளை வளரும்" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சீரியல் பார்ப்பதும் வேண்டாம். "இது ஏன் இப்படி இருக்கிறது, மாற்ற முடியுமா?" என்று கேட்க விடுகிற கேமைக் கொடுங்கள். கேள்விக்கு இடமில்லாத கேமைக் குறையுங்கள். தடுப்பது, விட்டுவிடுவது, இரண்டிலும் பெரியவனுக்கு வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பதில்தான் வேலை இருக்கிறது. அந்த வேலையிலிருந்து நான் அன்று தப்பித்தேன். நீங்கள் இன்று தப்பிக்கிறீர்கள்.

பழைய கேம் எல்லாம் திறந்த புத்தகம் என்றும் பொய் சொல்ல மாட்டேன். எலைட் மாதிரி இயந்திர மொழியில் எழுதியவற்றை லிஸ்ட் போட்டுப் படிக்க முடியாது. இன்றும் நல்ல கம்ப்யூட்டர் கேம்கள் பலவற்றில் கீயை மாற்றிக்கொள்ள செட்டிங்ஸ் பக்கம் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் பிள்ளையோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறீர்கள்?

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகவில்லை. வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்.

பி.பி.சி. மைக்ரோவை இன்று நீங்கள் வாங்க வேண்டியதில்லை. ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர் இன்டர்நெட் பிரவுசரிலேயே ஓடுகிறது. லேப்டாப்பில் திறந்தால் அதே இரண்டு சத்தம், அதே அம்புமுனை. பிரேக் கீக்கு நம் கீபோர்டில் எஃப் 12. முக்காற்புள்ளிக்கு நம் கீபோர்டில் தனிக் கீ கிடையாது; அரைப்புள்ளிக்கு வலப்பக்கத்துக் கீயை முதலில் அழுத்திப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் கீபோர்டு அமைப்பை மாற்றிப் பாருங்கள். முதல் நாள் ஒரு கேமை ஏற்றி ஆடட்டும். நீங்களும் ஆடித் தோற்றுப் போங்கள்.

இரண்டாம் நாள் ஐந்து வரி. 10-ஆம் வரியில் எக்ஸ் என்றால் 20 என்று வையுங்கள். 20-ஆம் வரி: இன்கீ மைனஸ் 98 அழுந்தியிருந்து, எக்ஸ் 0-க்கு மேல் இருந்தால் ஒன்றைக் கழி. 30-ஆம் வரி: இன்கீ மைனஸ் 67 அழுந்தியிருந்து, எக்ஸ் 37-க்குக் கீழே இருந்தால் ஒன்றைக் கூட்டு. 40-ஆம் வரி: எக்ஸாம் பத்தியில், 12-ஆம் வரிசையில் ஒரு எழுத்தை அச்சிடு, எழுத்துக்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விட்டு. 50-ஆம் வரி: 20-க்குத் திரும்பிப் போ. 'ரன்' என்று அடியுங்கள். உங்கள் பிள்ளை செய்த எழுத்து இசட்டுக்கு இடப்பக்கமும் எக்ஸுக்கு வலப்பக்கமும் ஓடும். கண்ணில் நிற்காத வேகத்தில் ஓடும். மெதுவாக்குவது எப்படி என்று அவனே கண்டுபிடிக்கட்டும். முன்னும் பின்னும் இடைவெளி எதற்கு என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அந்த இடைவெளியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கட்டும். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் நாள், பாட்டிக்கு எந்தக் கீ வசதி என்று கேட்டு அதற்கு ஏற்றபடி மாற்றச் சொல்லுங்கள். அது செய்துவிட்டால், போனில் எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்ற சண்டை பாதியாகக் குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். குறையாமலும் போகலாம். ஆனால் "அது அப்படித்தான்" என்று அவன் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

ஸ்டோர் ரூமில் இருக்கும் பெட்டியைப் பற்றி. அங்கே இப்போது வேலை பார்க்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரும்புக்குப் போடாதீர்கள். அவசரப்பட்டுப் பிளக்கிலும் சொருகாதீர்கள்; அதன் பவர் சப்ளையில் உள்ள பழைய கெப்பாசிட்டர் வெடித்துப் புகை விடும். தெரிந்தவரை வைத்து அதை மாற்றிவிட்டுப் போடுங்கள். செலவை நான் தருகிறேன். ஓடினால், ஆறாம் வகுப்புக்கு வெளியே ஒரு மேசையில் வையுங்கள். பூட்டு வேண்டாம். துணியும் போர்த்த வேண்டாம்.

அந்தப் பையனும் அந்தப் பெண்ணும் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பெயர் நன்றாக நினைவிருக்கிறது, இங்கே எழுத மாட்டேன். அவர்கள் வகுப்பில் படித்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். பார்த்தால் இதைக் காட்டுங்கள்.

அம்மா, அன்றைக்கு நீ செய்தது சரி. வாத்தியார் தப்பு. தம்பி, கீயை மாற்ற முடியும். முடியாது என்று சொன்னவனுக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் என்னை மன்னிக்க வேண்டும்.

கமெண்டில் யாரும் "நீங்கள் கடவுள் சார்" என்று எழுத வேண்டாம். ஐந்து வரி ஓடியதா, முன்னும் பின்னும் இடைவெளி எதற்கு என்று கண்டுபிடித்தீர்களா, அதை மட்டும் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த முறை ஸ்கேல் கிடையாது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்